மாபெலுக்குச் சந்தனமும் பியரும்

போன கிழமை ஆரணி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு நூதனசாலையில் என் இடத்துக்கு வந்தவள் அவள். இங்கேயே பிறந்து வளர்ந்து பொறியியல் படித்த பிள்ளை. என்னைவிட நன்றாக இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை செய்வாள் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

"அங்கிள், ஐ ஹாவ் அ குவெஸ்ச்சன். அடுத்த மாசம் எஞ்சினுக்கு நான் பியர் வாங்கவேணும் எண்டு டிரெக்டர் சொல்லுறா. சந்தனமும் வாங்கட்டாம். உது என்ன, புது ஆக்களுக்குச் செய்யிற பகிடியோ?"

"பகிடி இல்லைப் பிள்ளை. உண்மைதான்."

"சீரியஸ்லி? எஞ்சின் குடிக்குமோ?"

"ஒரு போத்தில் குடிக்கும். நீ ரெண்டு போத்தில் வாங்கு."

"மற்றது ஆருக்கு?"

"எழுதி அனுப்புறன். ஆறுதலா இருந்து வாசி."

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை இது. அதோடு, நான் தொலைபேசியில் கதை சொன்னால் நடுவில் என் மனைவி வந்து திருத்துவார். ஆகவே எழுதுகிறேன்.

நான் எஞ்சின்காரன். ஊரில் ஓர் அரிசி ஆலையில் எண்ணெய்க் கந்தையோடு தொடங்கி, கொழும்பில் கொஞ்சம் படித்து, பிரச்சினை காலத்தில் நாடு நாடாக ஏறி இறங்கி, கடைசியில் கனடாவின் பிறம்ரனில் களஞ்சியசாலைகளுக்குப் போர்க்லிஃப்ட் திருத்திக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் பாதி அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது. முதுகுவலியைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அப்போதுதான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் பழைய மாவு ஆலை ஒன்றை நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள் என்றும், நீராவி எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நெடிய வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். கம்பளி வெயிஸ்ற்கோட்டும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக இருந்தார். நீராவி எஞ்சின் தெரியுமா என்று கேட்டார்.

"அரிசி ஆலை எஞ்சின் தெரிந்தவனுக்கு எல்லா எஞ்சினும் சொந்தக்காரர்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இன்ரறெஸ்ரிங்" என்றார்.

அவர்தான் மிஸ்டர் பிரிச்சர்ட், நூதனசாலையின் காப்பாளர். வேலை கிடைத்தது. அந்த 'இன்ரறெஸ்ரிங்' என்ற சொல்லோடு என் மீதி உத்தியோக காலம் கழியப்போகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. சந்தோஷமானாலும் 'இன்ரறெஸ்ரிங்', சந்தேகமானாலும் 'இன்ரறெஸ்ரிங்'. கோபம் வந்தால் அதே சொல்லை மிக மெதுவாகச் சொல்வார். அப்போது பக்கத்தில் நிற்காமல் இருப்பது நல்லது.

அந்த நூதனசாலை இருக்கும் இடம் இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அது தனிச் சந்தை ஊர். அதை உண்டாக்கியவர்கள் இங்கிலாந்தில் மார்ட்டன்பரி என்ற இன்னொரு சந்தை ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வரும்போது பெட்டி படுக்கையோடு தங்கள் சந்தை நாளையும் கொண்டுவந்தார்கள். பிறகு மாவு ஆலை கட்டியபோது, அதை ஓட்ட மார்ட்டன்பரி வார்ப்பாலையில் செய்த நீராவி எஞ்சின் ஒன்றையே வரவழைத்தார்கள். அவளுடைய பெயர் மாபெல். ஆம், அவள். எஞ்சினை 'அது' என்று சொன்னால் மிஸ்டர் பிரிச்சர்டுக்கு 'இன்ரறெஸ்ரிங்' வந்துவிடும்.

மிஸ்டர் பிரிச்சர்டும் மார்ட்டன்பரிதான். வார்ப்பாலை மதிலுக்குப் பின்வீட்டில் பிறந்தவர். அவருடைய தகப்பனும் தாத்தாவும் அந்த ஆலையில் இரும்பு உருக்கியவர்கள். ஆலை மூடியபின் அங்கே செய்த எஞ்சின்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய், கடைசியாக மிஞ்சியது கடல் கடந்து கிடந்த மாபெல் ஒருத்திதான். அவளைத் தேடித்தான் இளம் வயதில் அவர் கனடாவுக்கு வந்தார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

பார்வையாளர் வந்தால் மார்ட்டன்பரியின் சரித்திரத்தை அவரே சொல்வார். சனிக்கிழமைச் சந்தை, கல்தூண்களில் நிற்கும் வெண்ணெய் மண்டபம், பியருக்கான மால்ற் தானியம் காயவைக்கும் நீண்ட கட்டடங்கள், கயிறு திரிக்கும் தெரு, ஆற்றங்கரையில் கலப்பை வார்த்துத் தொடங்கி எஞ்சின் வரை போன வார்ப்பாலை, பிந்தி வந்த ரயில், ரயிலோடு வந்த பணம், பிறகு எல்லாம் இறங்கியது. ஆதாரம் இல்லாத ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வராது. "யாரோ சொன்னது சரித்திரமில்லை, டயா" என்பார். தயாபரன் என்ற என் பெயர் அவர் வாயில் டயா.

அதைக் கேட்டுக் கேட்டே மார்ட்டன்பரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ, "அண்ணை, உங்கட ஊர்ச் சந்தை என்ன கிழமை கூடுறது?" என்று கேட்க, நான் யோசிக்காமல் சனிக்கிழமை என்றேன். எங்கள் ஊர்ச் சந்தை சனிக்கிழமை கூடியதேயில்லை. மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

இனி ஆரணிக்காகக் காலை வேலை. உள்ளே போனதும் எதையும் தொடக்கூடாது. கொஞ்சம் நின்று கேட்கவேண்டும், முகரவேண்டும். எங்கேயாவது சொட்டுகிறதா, ஈரம் வந்திருக்கிறதா என்று காதுக்கும் மூக்குக்கும்தான் முதலில் தெரியும். பிறகு வெள்ளைக் கையுறை. வெறுங்கை படக்கூடாது, வேர்வையில் உப்பு இருக்கிறது. துடைக்கப் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு மட்டும். ரீ-சேர்ட் துண்டு கூடாது, அதில் அச்சடித்த படம் இரும்பைக் கீறும். பித்தளை எண்ணெய்க் கிண்ணங்களைச் சில்லின், அதாவது சக்கரத்தின், பக்கமிருந்து நிரப்பிக்கொண்டு வரவேண்டும். கடைசியில் அலவாங்கால் நெம்பிப் பெரிய சில்லைக் கொஞ்சம் திருப்பி, நேற்று நின்ற இடத்தில் நிற்காமல் விடவேண்டும். ஒரே பக்கமாகப் பாரம் இருந்தால் அச்சு தேய்ந்துவிடும். இவ்வளவும் முடிந்தபின் மிஸ்டர் பிரிச்சர்ட் வந்து, சுற்றும்முற்றும் பார்த்து, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, "குட் மோர்னிங், மாபெல்" என்பார். நான் சில்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டு இருப்பேன்.

என் மனைவிக்கு மாபெலைப் பிடிக்காது. "அவவுக்கு நாள் தவறாமல் எண்ணெய் வைக்கிறியள். வீட்டுக் கதவு ஒரு மாசமாக் கத்துது, அதுக்கு ஒரு சொட்டு விட ஆளில்லை" என்பார். நியாயமான முறைப்பாடுதான். கதவு இன்னும் கத்துகிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஸ்பானரை எடுக்குமுன் நான் பழக்கதோஷத்தில் மாபெலைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம்மில் எவனும் எஞ்சினில் கைவைக்குமுன் செய்வதுதான். திரும்பினால் மிஸ்டர் பிரிச்சர்ட் நிற்கிறார்.

"இன்ரறெஸ்ரிங்" என்றார். பிறகு, "அதைக் கையுறையோடு செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஓய்வுபெறும் வரை நான் வெள்ளைக் கையுறை போட்டுக் கும்பிட்டவன். உலகத்தில் இன்னொருவன் அப்படிச் செய்திருந்தால் எனக்கு அறிவிக்கவும்.

அங்கே வேலை செய்த தமிழர் மூன்று பேர். நான் ஒருவன். வாசலில் காவலுக்கு நின்றவன் குணம். மூன்றாவது ஆள் துப்புரவு வேலை பார்த்த புஷ்பா அக்கா. அவர் மட்டக்களப்புப் பக்கம். எங்களை 'மனே' என்றுதான் கூப்பிடுவார், மகனே என்பதன் செல்லம். ஆனால் அவர் 'மனே' என்றால் அடுத்து ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். புரட்டாதி வந்து நவராத்திரி தொடங்கியதும் ஒருநாள், "மனே, இவ்வளவு பெரிய எஞ்சின் வைச்சிருக்கிறாங்கள், ஒரு ஆயுத பூசை இல்லையே. விளங்குமா இந்த இடம்?" என்று கேட்டார்.

அப்படித் தொடங்கியது. மிஸ்டர் பிரிச்சர்ட் கிழமைக் கூட்டத்துக்குப் போகும் நேரம் எங்கள் பூசை நேரம். சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், ஒரு சின்ன மாலை, அவல், கடலை, வாழைப்பழம். சிக்கல் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று கற்பூரம். உள்ளே கொளுத்தினால் புகை எச்சரிக்கை அலறி, தீயணைப்புப் படை வந்துவிடும். ஆகவே புஷ்பா அக்கா கார் பார்க்கில் நின்று, திறந்த ஜன்னல் வழியாக மாபெலுக்கு ஆராத்தி காட்டுவார். பஸ் தரிப்பில் நிற்கும் சனம் பார்க்கும். குணம் அவர்களுக்குக் கையசைப்பான். மற்றது எலுமிச்சம்பழம். மாபெலின் சில்லு பாதி குழிக்குள் நிற்பது, நிலத்தில் முட்டாது. பழத்தை நசிக்க என்ன வழி? மாபெல் இப்போது நீராவியில் ஓடுவதில்லை. விசேஷ நாட்களில் ஒரு கொம்பிரசரை உருட்டிவந்து, காற்றை அடித்துத்தான் ஓட்டுவோம். பார்வையாளருக்கு அது தெரியாது. அந்தக் கொம்பிரசரின் சில்லுக்குக் கீழே பழத்தை வைத்து நசித்தோம். மாபெலுக்குப் பதிலாள் கொம்பிரசர்.

பூசை முடிய ஒரு கடுதாசிக் கோப்பையில் அவல் போட்டு மிஸ்டர் பிரிச்சர்டின் மேசையில் வைப்போம். குணத்தின் மகளுக்குப் பிறந்தநாள் என்று சொல்வோம். ஒவ்வொரு வருடமும் அதே மகள், அதே கிழமை. அவர் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தருவார். விஜயதசமிக்குப் பிறகு நான் பொட்டுகளையெல்லாம் துடைத்துவிடுவேன். ஆருக்கும் தெரியாது என்று நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த வருடம் வந்தது.

மாபெல் இருப்பது ரொறன்ரோவில் என்றாலும் உரிமை மார்ட்டன்பரியிலுள்ள சரித்திர சங்கத்துக்கு. மாவு ஆலையை மூடிய குடும்பம் அப்படி எழுதிவைத்துவிட்டது. இத்தனை காலமும் அவர்கள் கேட்கவில்லை. இப்போது கேட்டார்கள். மார்ட்டன்பரியில் புதிய கண்ணாடிக் கட்டடம் ஒன்று கட்டியிருக்கிறார்களாம், ஊரின் கைத்தொழில் சரித்திரத்தைக் காட்ட. நடுவில் வைக்க ஒரு எஞ்சின் வேண்டும். சங்கத் தலைவரும் ஒரு நிபுணரும் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள்.

மிஸ்டர் பிரிச்சர்ட் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நாம் மறுக்க முடியாது. நன்றாகத் துடைத்து வையுங்கள்." அவ்வளவுதான். ஆனால் அன்று மதியம் அவர் தன் சாண்ட்விச்சைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. காலையில் "குட் மோர்னிங், மாபெல்" மட்டும் வழமையைவிடச் சத்தமாகக் கேட்டது, நாங்கள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்பதுபோல. இந்த மனிதன் மாபெல் இல்லாமல் என்ன செய்வான்?

"விடப்படாது மனே" என்றார் புஷ்பா அக்கா.

"நாங்கள் என்னக்கா செய்யிறது? சாமான் அவையின்ர."

"அவையின்ர எண்டா இவ்வளவு நாளும் எங்க போய்க் கிடந்தவை? எண்ணெய் வைச்சவையா, துடைச்சவையா?"

அவர்கள் வந்த நாள் விஜயதசமி கழிந்த அதே கிழமை. காலையில் நான் மாபெலை மேலும் கீழும் துடைத்து, ஒரு பொட்டும் மிச்சமில்லை என்று உறுதி செய்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். அந்த இடைவெளியில் புஷ்பா அக்கா உள்ளே போயிருக்கிறார்.

தலைவர் மிஸ்டர் கோட்ஸ் சிவந்த முகமும் கைத்தடியும் கொண்ட கிழவர். வார்ப்பாலை முதலாளி பரம்பரை. கூட வந்த நிபுணர் ஹில்டா, பழைய உலோகங்களைப் பாதுகாப்பதையே படித்தவர். ஒரு சின்ன ரோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாக மாபெலைச் சுற்றத் தொடங்கினார். முன்பக்கம் பார்த்துத் தலையாட்டினார். பக்கவாட்டில் பார்த்து, "அருமை" என்றார். பின்பக்கம் போனார். பூதக்கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனார்.

"மிஸ்டர் பிரிச்சர்ட், இங்கே துருப்பிடித்திருக்கிறது."

என் கையிலிருந்த கந்தை விழுந்தது.

"புதுத் துரு. நல்ல சிவப்பு. இங்கேயும் இருக்கிறது. இங்கேயும்." அவர் குரலில் குழப்பம் கூடிக்கொண்டே போனது. "எல்லாம் ஒரே அளவில், வட்டமாக, வரிசையாக இருக்கின்றன. நான் இப்படியொரு துருவைக் கண்டதேயில்லை. பித்தளையிலும் பிடித்திருக்கிறதே!"

குணம் கதவடியில் நின்று கூரையைப் பார்க்கத் தொடங்கினான். சிரிப்பை அடக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மிஸ்டர் கோட்ஸ் கைத்தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "பராமரிப்பு இப்படி என்றால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது, பிரிச்சர்ட்."

பாருங்கள், மாபெல் போகக்கூடாது என்று வைத்த பொட்டு அவளைக் கப்பலேற்றப் போகிறது. எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் புஷ்பா அக்காவின் வேலை போகும், திறக்காவிட்டால் மாபெல் போவாள்.

மிஸ்டர் பிரிச்சர்ட் மெதுவாகப் பின்பக்கம் போனார். குனிந்து பார்த்தார். பிறகு, நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து காணாத ஒன்றைச் செய்தார். கையுறையைக் கழற்றினார். வெறும் விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இன்ரறெஸ்ரிங்" என்றார்.

அது சந்தோஷமா, சந்தேகமா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் கணக்கில் இல்லாத ஒரு 'இன்ரறெஸ்ரிங்' அது.

"டயா, மிஸிஸ் புஷ்பாவைக் கூப்பிட முடியுமா?"

மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை வருட அவலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புஷ்பா அக்கா நிலம் துடைக்கும் தடியோடும் வாளியோடும் வந்தார். நிலைமையைப் பார்த்தார். வாளியை வைத்தார்.

"ஓம், நான்தான் வைச்சன். அதுக்கு இப்ப என்ன?"

"இது எதற்காக என்று அவரிடம் கேளுங்கள்" என்றார் மிஸ்டர் கோட்ஸ் என்னிடம். நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

"எதுக்கெண்டு கேக்கிறார் அக்கா."

"இவங்கட கண்ணூறு படக்கூடாது எண்டுதான். வந்து நிண்டு முழுசுறதைப் பார். ரெண்டு பேருக்கும் கொள்ளிக் கண்."

நான் தொண்டையைச் செருமினேன். "தூரத்திலிருந்து வரும் முக்கியமான விருந்தாளிகளின் பார்வை மிகவும் பலமானது என்று சொல்கிறார். அதன் தாக்கத்திலிருந்து எஞ்சினைப் பாதுகாக்க இது."

குணத்துக்குக் கூரை போதவில்லை. வெளியே ஓடிவிட்டான்.

"இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கிழவர் விடவில்லை.

"என்ன ஆகுமோ? போன வருசம் எனக்குக் காய்ச்சல், பூசை ரெண்டு நாள் பிந்திப்போச்சு. என்ன நடந்தது? குணத்தின்ர விரல் கதவுக்குள்ள நசிஞ்சு நகம் போச்சு. கேட்டுப் பாருங்க."

இதை நான் அப்படியே சொன்னேன். மாற்ற ஒன்றுமில்லை, நகம் உண்மையாகவே போனது.

மிஸ்டர் கோட்ஸ் சிரிக்கவில்லை. என்னையும் புஷ்பா அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். அப்போது மிஸ்டர் பிரிச்சர்ட் பேசினார். விரலில் குங்குமம் இருந்தது.

"இதை நான் எந்தப் பார்வையாளருக்கும் சொன்னதில்லை. ஆதாரம் கிடையாது. எங்கள் தாத்தா சொன்னது, அவ்வளவுதான். மார்ட்டன்பரி வார்ப்பாலையில் ஒரு எஞ்சின் வேலை முடிந்து வெளியே போகிற நாளில், இருப்பவர்களில் மூத்த வேலையாள் ஒரு கோப்பை பியரை அதன் சில்லில் ஊற்றுவாராம். பியர் காயும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது. முதலாளியும் தொடக்கூடாது. மாபெலுக்கு ஊற்றியவர் எங்கள் தாத்தாவின் தகப்பன். ஊற்றினால்தான் அது யாருடைய கையையும் காலையும் எடுக்காது என்று நம்பினார்களாம்."

சரித்திர சங்கத் தலைவருக்கு முன்னால், யாரோ சொன்னதைச் சரித்திரமென்று சொல்லிவிட்டார் மிஸ்டர் பிரிச்சர்ட். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அவர் காது சிவந்துபோயிருந்தது.

"ஒருமுறை ஊற்றவில்லை" என்றார் மிஸ்டர் கோட்ஸ் மெதுவாக. "எங்கள் வீட்டில் ஒரு பாட்டனார் குடிக்கு எதிரானவர். ஆலைக்குள் பியர் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார். அந்த எஞ்சினை வண்டியில் ஏற்றும்போது சறுக்கி, மேற்பார்வையாளரின் பாதம் நசிந்துபோனது. அடுத்த எஞ்சினுக்குப் பாட்டனாரே ஒரு பீப்பாய் பியர் அனுப்பினார். இது எங்கள் குடும்பத்துக்குள் மட்டும் இருந்த கதை. உனக்கு எப்படித் தெரியும், பிரிச்சர்ட்?"

"பாதத்தின் கதை எனக்குத் தெரியாது. பியரின் கதைதான் தெரியும்."

இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதிலுக்கு உள்ளே இருந்த கதையும் பின்னால் இருந்த கதையும் அன்றுதான் சந்தித்தன.

"அவை என்ன சொல்லுகினம் மனே?"

நான் சொன்னேன். புஷ்பா அக்கா இடுப்பில் கைவைத்தார். "பாத்தியா? நான் சொன்னா நீங்கள் நம்பமாட்டியள்."

அவள் ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்றார் மிஸ்டர் கோட்ஸ். குணம் கொம்பிரசரை உருட்டிவந்தான். வால்வைத் திறந்தேன். மாபெல் ஒரு பெருமூச்சு விட்டு, தயங்கி, பிறகு ஓடத் தொடங்கினாள். சிவப்புப் பொட்டுகளும் சேர்ந்து சுற்றின. கொம்பிரசர் சில்லிலிருந்து எலுமிச்சம்பழ வாசம் வந்தது. மிஸ்டர் கோட்ஸ் நெடுநேரம் நின்றார்.

"வார்ப்பாலை இருந்த இடத்தில் இப்போது சுப்பர் மார்க்கெற் இருக்கிறது" என்றார் கடைசியில். "இவளை வைக்கப்போகிற கண்ணாடி அறை அதன் கார் பார்க்குக்குப் பக்கத்தில். அங்கே இவளுக்கு யாரும் பியர் ஊற்றமாட்டார்கள். பொட்டும் வைக்கமாட்டார்கள். இங்கேயே இருக்கட்டும். ஒரு நிபந்தனை. அந்த அம்மா செய்வதை நிறுத்தக்கூடாது. வருடத்துக்கு ஒரு கோப்பை பியரும் சேர்க்கவேண்டும்."

மிஸ்டர் பிரிச்சர்ட் கையுறையை மறுபடி போட முயன்றார். விரல்கள் சரியான இடத்துக்குப் போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எண்ணெய்க் கந்தையால் துடைத்ததால் மேலும் கலங்கியது.

ஹில்டா மட்டும் திருப்திப்படவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. வெறும் இரும்பில் வைத்தால் அதற்குக் கீழே உண்மையான துரு வரும். முதலில் மெழுகு பூசுங்கள். மெழுகு காய்ந்தபின் பொட்டு வையுங்கள்." இதைப் புஷ்பா அக்காவும் ஏற்றுக்கொண்டார். "பிள்ளைக்கு முதல் பவுடர், பிறகு பொட்டு. சரிதானே" என்றார்.

அவர் ஏற்றுக்கொள்ளாதது பியரை. மச்சம் மாமிசம் தொடாத மனுசி, பூசைக்குள் பியரா? நிபந்தனையை மொழிபெயர்த்துச் சொன்னதும் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன் என்று நினைத்தார். அடுத்த நவராத்திரி வரை சமாதானப் பேச்சுவார்த்தை நடந்தது. மிஸ்டர் பிரிச்சர்ட் ஒரு பக்கம், புஷ்பா அக்கா மறுபக்கம், நான் நடுவில். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. ஆராத்தி முடிந்து, அவல் கொடுத்து, பூசைச் சாமானெல்லாம் பையில் வைத்துக் கட்டிய பிறகுதான் பியர். புஷ்பா அக்கா அந்த நேரம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். பியர் காய்ந்ததும் நான் துடைத்து, மறுபடி மெழுகு பூசவேண்டும். அதோடு பியர் ஊற்றுகிறவர் சப்பாத்தைக் கழற்றவேண்டும்.

முதல் வருடம் மிஸ்டர் பிரிச்சர்ட் மாபெலுக்கு முன்னால் வந்து நின்ற கோலம் என் கண்ணை விட்டுப் போகாது. மேலே வெயிஸ்ற்கோட், கையில் வெள்ளைக் கையுறை, ஒரு கோப்பை பியர். காலில் சப்பாத்தில்லை. இடது சொக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. முகம் திருப்பி நிற்கவேண்டிய புஷ்பா அக்கா கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "பாவம், தைச்சுக் குடுக்க ஒரு ஆளில்லை" என்றார். அடுத்த வருடம் அவலோடு ஒரு சோடி சொக்ஸும் மேசைக்குப் போனது.

மிஸ்டர் பிரிச்சர்ட் ஓய்வுபெற்ற பிறகும் பூசைக்குத் தவறாமல் வந்தார். பிறகு நடக்கக் கால் வழங்கவில்லை. இப்போது விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சில நாள் எங்களைத் தெரியும், சில நாள் தெரியாது.

ஆரணி, இரண்டாவது போத்தில் அங்கே போவது. போன வருடம் பூசை முடிந்ததும் நானும் குணமும் காரில் ஏறிக்கொண்டிருந்தோம். புஷ்பா அக்கா வந்து பின்சீற்றில் இருந்தார். மடியில் பூசைப் பை. வாசலில் தாதி பையைத் திறந்து பார்த்தாள். அவலுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் ஒரு பியர் போத்தில், கழுத்தில் சந்தனப் பொட்டோடு.

"இது என்ன?"

"பிரசாதம்" என்றார் புஷ்பா அக்கா, முகத்தில் ஒரு அசைவில்லாமல். பியரைக் கையாலும் தொடாத மனுசி அதை மடியில் வைத்து விட்பி வரை கொண்டுவந்திருக்கிறார். தாதி வைத்தியரைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு சின்னக் கோப்பை கொடுக்கலாம் என்றாள்.

மிஸ்டர் பிரிச்சர்ட் ஜன்னலோரம் இருந்தார். எங்களைப் பார்த்த பார்வையில் அடையாளம் தெரியவில்லை. நான் மாபெல் நன்றாக ஓடுகிறாள் என்றேன். குணம் தன் மகளுக்குப் பிறந்தநாள் என்றான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புஷ்பா அக்கா கிட்டப் போய், சந்தனத்தை விரலில் தொட்டு, அவர் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினார்.

கிழவர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலால் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"முதலில் மெழுகு, மிஸிஸ் புஷ்பா" என்றார்.